விற்பனைக்கு வரும் முன்னே புது போனைக் கடையில் தொட்டுப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஒரு போனை அறிவிக்கும் நாளுக்கும் அது கடையில் பெட்டியாகக் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் இடைவெளி இருக்கும். அந்த நாட்களில்தான் யூடியூபில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், ப்ரீ புக்கிங் சலுகை இன்னும் மூன்று நாளில் முடிகிறது என்று கடிகாரம் ஓடும், நமக்குக் கை அரிக்கும். அதே நாட்களில் சில கடைகளுக்கு டெமோ பீஸும் வந்து சேரும். போய்ப் பார்க்கலாம், தொடலாம், கூட்டம் இல்லாவிட்டால் கால் மணி நேரம்கூட கையில் வைத்திருக்கலாம். ஆனால் முதல்முறை போகிறவர்கள் செய்வது என்ன? எடுத்து, திரையை நாலு தடவை மேலும் கீழும் தள்ளி, கேமராவைத் திறந்து எதிரில் இருக்கும் சுவரை ஒரு படம் எடுத்து, "ம்ம், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அந்த நாற்பது நொடியில் எந்தப் புது போனும் நன்றாகத்தான் இருக்கும்.

நான் ஒருமுறை அதைக்கூடச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். வீடியோக்களைப் பார்த்து, ஸ்பெக்ஸ் எல்லாம் மனப்பாடம் செய்து, ப்ரீ புக் பண்ணி வாங்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அதில் பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் எதிரெதிர் ஓரங்களில் நேருக்கு நேராக இருக்கின்றன என்று. ஒரு பக்கத்தை அழுத்தும்போது மறுபக்கம் இன்னொரு விரலை ஊன்றத்தானே செய்வோம்? இரண்டும் சேர்ந்து அழுந்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளும். பாக்கெட்டிலிருந்து உருவினால் ஒன்று, ஹோல்டரில் செருகினால் ஒன்று. கேலரி முழுக்க அப்போது மணி என்ன என்று காட்டும் லாக் ஸ்கிரீன் படங்கள். ரிவ்யூ செய்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை, அவர்கள் பிடிக்கும் விதம் வேறாக இருந்திருக்கும். கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் போகும்போது ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். போனின் உடம்பு மாறாது: எடை, அகலம், பட்டன் இருக்கும் இடம், ஸ்பீக்கர் ஓட்டை, கேமரா மேடு, திரையின் வளைவு எல்லாம் நீங்கள் தொடும்போது எப்படியோ அப்படியேதான் கடைசிவரை இருக்கும். மென்பொருள் மாறும்: விற்பனை தொடங்கும் அன்றே பெரிய அப்டேட் வருவது சகஜம், அதனால் கேமராவின் நிறமோ ஓர் அனிமேஷன் திக்குவதோ இன்றைக்குப் பார்த்தபடியே இருக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, கடைக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் தெரியாதவை: பேட்டரி, சிக்னல், சூடு. உங்களுக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் பத்து நிமிடத்தை முதல் வகைக்குக் கொடுங்கள்.

போன் பண்ணிவிட்டுப் போங்கள்

எல்லாக் கடைக்கும் டெமோ பீஸ் வராது. முதலில் வருவது கம்பெனியின் சொந்தக் கடைகளுக்கும், பல பிராண்டு விற்கும் பெரிய கடைகளின் முக்கியக் கிளைகளுக்கும்தான். கூப்பிட்டு, "வந்திருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "லைவ் டெமோவா, டம்மியா?" என்று கேளுங்கள். இது முக்கியம். டம்மி என்பது அதே அளவில் செய்த பொம்மை, உள்ளே ஒன்றும் கிடையாது, திரை இருக்க வேண்டிய இடத்தில் அச்சடித்த படம் ஒட்டியிருக்கும். ஆரம்ப நாட்களில் நான் ஒரு டம்மியின் திரையை இரண்டு மூன்று தடவை தேய்த்துவிட்டு, "ஹேங் ஆகிடுச்சு போல" என்று கடைப் பையனிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் "சார், அது ஸ்டிக்கர்" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றும் அவருக்கு நன்றி.

டம்மியும் வீண் இல்லை. நிறம், அகலம், கேமரா மேட்டின் உயரம், பட்டனின் இடம் எல்லாம் அதில் சரியாக இருக்கும். எடை மட்டும் நம்ப முடியாது. சிலவற்றில் உண்மையான எடைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி செய்திருப்பார்கள், சில தக்கையாக இருக்கும்.

விற்பனைக்கு முன் கையில் தொட விடுவது என்பதே எப்போதும் இருந்த வழக்கம் இல்லை. முதல் ஐபோனை 2007 ஜனவரி 9 அன்று அறிவித்தார்கள், அது விற்பனைக்கு வந்தது ஜூன் 29 அன்று. நடுவே கிட்டத்தட்ட ஆறு மாதம். அறிவித்த கண்காட்சியில் பொதுமக்களுக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துத்தான் காட்டினார்கள். அதே ஆப்பிள் 2015இல் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தபோது, ஏப்ரல் 24 விற்பனைக்கு இரண்டு வாரம் முன்னால், ஏப்ரல் 10 முதலே கடையில் கட்டிப் பார்க்க நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. மணிக்கட்டில் கட்டிப் பார்க்காமல் வாங்கப் பலர் தயங்குவார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். போனும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் கையில் இருக்கப்போகிற பொருள்.

நேரம் என்று பார்த்தால் வார நாள் காலை, கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் நல்லது. விடுமுறை நாள் மாலையில் போனால் பின்னால் நிற்பவரின் மூச்சு கழுத்தில் படும், ஒன்றும் பார்க்க முடியாது.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை குறைவு. இப்போது நீங்கள் வைத்திருக்கும் போன், முழு சார்ஜோடு, கவரோடு. கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று (டெமோ பீஸின் கேமரா மேல் நூறு பேரின் விரல் எண்ணெய் இருக்கும், துடைக்காமல் படம் எடுத்துவிட்டு "கேமரா மங்கல்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய). பொடி எழுத்து அச்சடித்த ஏதாவது ஓர் அட்டை. அப்புறம், இருக்கும் போனில் உங்களுக்கு எரிச்சல் தருவது என்ன என்று இரண்டு மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். கடை வெளிச்சத்தில், புதுசு பளபளப்பில், அதெல்லாம் மறந்துபோகும், நிஜமாகவே மறந்துபோகும்.

உள்ளே போனதும்

அங்கே நிற்பவர் கடை ஊழியரா, அந்தப் பிராண்டு அனுப்பிய ப்ரமோட்டரா என்று பாருங்கள். சட்டையில் பிராண்டு பெயர் இருந்தால் ப்ரமோட்டர். அவருக்கு அந்த போனைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கும், ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் போன் இதைவிட நல்லது என்று அவர் வாயிலிருந்து வராது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கடை ஊழியரிடம் ஒப்பிடும் கேள்விகளைக் கேளுங்கள், ப்ரமோட்டரிடம் அந்த போனின் உள்விவரங்களைக் கேளுங்கள்.

படமோ வீடியோவோ எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விற்பனைக்கு வராத மாடல் என்றால் சில கடைகளில் வெளியிடக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருக்கும், பாவம் அந்த ஊழியருக்குத்தான் திட்டு விழும்.

டெமோ போனின் பின்னால் பெரும்பாலும் ஒரு கட்டை ஒட்டி, அதிலிருந்து சுருள் ஒயர் மேசைக்குள் போகும். இது திருட்டைத் தடுக்க, கூடவே சார்ஜும் ஏற. இந்தக் கட்டைதான் போனைப் பிடித்துப் பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய எதிரி: எடையைக் கூட்டும், ஒயர் பின்னால் இழுக்கும், விரல் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். "ஒரு நிமிஷம் இதைக் கழட்டித் தர முடியுமா, பிடித்துப் பார்க்கணும்" என்று கேட்டால் கூட்டம் இல்லாதபோது பல கடைகளில் கழட்டித் தருவார்கள், பக்கத்திலேயே நிற்பார்கள், நின்றுகொள்ளட்டும். முடியாது என்றால் கட்டையோடு லைவ் டெமோவில் திரையைப் பாருங்கள், டம்மி இருந்தால் அதில் பிடியைப் பாருங்கள்.

பிடித்துப் பார்ப்பது

இதுதான் நீங்கள் வந்த வேலை. முதலில் திரையை மறந்துவிடுங்கள். வழக்கமாக எந்தக் கையில் பிடிப்பீர்களோ அந்தக் கையில் எடுத்து, சும்மா ஒரு நிமிடம் நில்லுங்கள். சுண்டு விரலைக் கீழே முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் (நிறையப் பேர் அப்படித்தான்) அந்த விரலில் ஓரம் எப்படி அழுத்துகிறது என்று கவனியுங்கள். தட்டையான ஓரம் படத்தில் அழகாக இருக்கும், அரை மணி நேரத்தில் சுண்டு விரலில் கோடு போட்டுவிடும்.

எடை விஷயத்தில் காகிதத்தில் இருக்கும் எண்ணை வைத்து ஒன்றும் புரியாது. ஐபோன் 14 ப்ரோ மேக்ஸ் 240 கிராம், சட்டத்தை டைட்டானியத்துக்கு மாற்றிய 15 ப்ரோ மேக்ஸ் 221 கிராம். வெறும் 19 கிராம்தானே என்று தோன்றும், இரண்டையும் அடுத்தடுத்துக் கையில் எடுத்தவர்களுக்கு உடனே தெரிந்தது. எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் இருக்கிறது. பெரிய கேமரா உள்ள போன்களில் தலை கனமாக இருக்கும், ஒற்றைக் கையில் டைப் செய்யும்போது முன்னால் சாயப் பார்க்கும்.

திரை எத்தனை அங்குலம் என்பதைவிட போனின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கைக்குத் தெரியும். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளப்பது, நீளமாக இழுத்தாலும் கூடிவிடும். 71, 72 மில்லிமீட்டர் அகலம் பெரும்பாலான கைகளுக்குள் அடங்கும், 77 தாண்டினால் ஒற்றைக் கைக்காரர்களுக்குக் கஷ்டம். கட்டை விரலை அதே பிடியில் வைத்துக்கொண்டு மேல் மூலையைத் தொடப் பாருங்கள், எதிர் ஓரத்திலிருந்து பின்னால் போகும் சைகையைச் செய்து பாருங்கள், பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் போனைக் கையில் நகர்த்த வேண்டியிருக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை நகர்த்துவீர்கள்?

பிறகு மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையில் டைப் செய்யுங்கள். கேமரா மேடு ஒரு பக்கமாக இருந்தால் கட்டில் கால் குட்டையான மாதிரி ஆடும். கவர் போட்டால் சரியாகும் என்பார்கள், ஓரளவு ஆகும். சரி, கவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கவர் போடுகிற ஆள் என்றால் வெறும் போனின் பிடியை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாப் பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் கூடும், எடையும் கூடும். கடையில் அந்த மாடலுக்கான கவர் அதற்குள் வந்திருந்தால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

டம்மி என்றால் கேட்டுவிட்டு உங்கள் பாக்கெட்டிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். கேட்டுவிட்டு, கண்டிப்பாகக் கேட்டுவிட்டு. போட்டபடியே ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருங்கள்.

மடக்கும் போன் என்றால் இன்னும் இரண்டு. ஒற்றைக் கையால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள், நடுக்கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். திரை மேல் இருக்கும் மெல்லிய படலத்தை மட்டும் நோண்டாதீர்கள். 2019 ஏப்ரலில் சாம்சங் கேலக்ஸி ஃபோல்டை ரிவ்யூவுக்குக் கொடுத்தபோது, சிலர் அதைப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். அது திரையின் ஒரு பகுதி. திரை போயிற்று. வேறு சிலருக்கு உரிக்காமலே பழுதானது, ஏப்ரல் 26க்கு வைத்திருந்த விற்பனையைத் தள்ளிவைத்து, சரிசெய்து, செப்டம்பரில்தான் கொண்டுவந்தார்கள்.

திரை

கடையில் திரை எப்போதும் பொய் சொல்லும். பிரைட்னஸ் முழுசாக ஏற்றி, நிறத்தைத் தூக்கிக் காட்டும் மோடில் வைத்து, அதற்கென்றே எடுத்த வீடியோவை ஓட்டுவார்கள். கறுப்புப் பின்னணியில் மயில் கழுத்து நிறத்தில் ஏதாவது வழிந்துகொண்டிருக்கும்.

அதை நிறுத்திவிட்டு செட்டிங்ஸுக்குள் போய் டிஸ்ப்ளேயைத் திறங்கள். நிற மோடை நேச்சுரலுக்கு மாற்றுங்கள், ரெஃப்ரெஷ் ரேட் (திரை ஒரு நொடியில் எத்தனை தடவை புதுப்பித்துக்கொள்கிறது என்பது) 60இல் இருக்கிறதா 120இல் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் போனையும் அதே பிரைட்னஸில் பக்கத்தில் வைத்து இரண்டிலும் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். வெள்ளையில்தான் குறை தெரியும். சாய்த்துப் பார்க்கும்போது ஓரம் பச்சையாகவோ ரோஸாகவோ மாறுகிறதா? வளைந்த திரையில் இது கூடுதலாகத் தெரியும்.

பிரைட்னஸ் எண்ணை, அதாவது இத்தனை ஆயிரம் நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்பதை, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெரிய எண் பெரும்பாலும் திரையின் ஒரு சின்னப் பகுதி மட்டும் எரியும்போது கிடைப்பது. கடைக்குள் வெயில் கிடையாது, போனை வெளியே எடுத்துப்போகவும் விடமாட்டார்கள். அதற்கு ஒரு சின்ன வித்தை இருக்கிறது. ஆட்டோ பிரைட்னஸை ஆன் செய்துவிட்டு, உங்கள் போனின் டார்ச்சைப் போட்டு புது போனின் முன் கேமரா பக்கம் நெருக்கமாகக் காட்டுங்கள். ஒளி உணரி அங்கேதான் எங்காவது இருக்கும், வெயிலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு திரை சட்டென்று ஒரு படி மேலே ஏறும். ஏறிய அளவுதான் உங்களுக்கு வெளியில் கிடைக்கப்போவது. டெமோ மோடில் ஆட்டோ பிரைட்னஸைப் பூட்டி வைத்திருந்தால் இது நடக்காது.

இன்னொரு முனையும் உண்டு. ராத்திரி இருட்டில் போன் பார்க்கும்போது தலைவலி வருகிறது, கண் எரிகிறது என்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஓஎல்இடி திரைகள் பலவும் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு வேகவேகமாக அணைந்து எரியும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புது போனின் பிரைட்னஸைக் கால்வாசிக்குக் குறைத்துவிட்டு, உங்கள் போன் கேமராவை ப்ரோ மோடில் போட்டு ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கோ அதைவிட வேகமாகவோ வைத்து அந்தத் திரையைப் பாருங்கள். கருப்புப் பட்டைகள் ஓடினால் அதுதான் இது. பட்டை அகலமாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் உங்களைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய போன்.

தமிழில் டைப் செய்கிறவர்கள் ஒரு வரி தமிழும் அடித்துப் பாருங்கள். எழுத்தளவைச் சிறிதாக்கி 'ஸ்ரீ', 'க்ஷ', 'ணை' எல்லாம் தெளிவாக விழுகிறதா, கீபோர்டில் தமிழ் ஏற்கெனவே இருக்கிறதா என்று. இது மென்பொருள் விஷயம், மாற்றிக்கொள்ளலாம், இருந்தாலும் டைப் செய்யும்போது விரலுக்குக் கீழே அதிர்வு எப்படி இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். நல்ல அதிர்வு மோட்டார் 'டக்' என்று நறுக்குத் தெறித்த மாதிரி இருக்கும், மலிவானது பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வண்டு மாதிரி உறுமும். அதிர்வு மோட்டார் உடம்பு. அதை எந்த அப்டேட்டும் மாற்றாது.

கேமரா

முதலில் துடையுங்கள்.

கடையில் வெளிச்சம் ஏராளம், நாலு பக்கமும் சமமாக இருக்கும், நிழலே விழாது. அந்த வெளிச்சத்தில் எந்த கேமராவும் நல்ல படம்தான் எடுக்கும். நீங்கள் தேட வேண்டியது கஷ்டமான இடம்: மேசைக்கு அடியில் இருட்டு, கண்ணாடிக் கதவுக்கு எதிராக நிற்கும் கூட வந்தவரின் முகம், ஆட்டிக்கொண்டே இருக்கும் உங்கள் கை. கையை ஆட்டிக்கொண்டே அதை எடுத்தால் ஷட்டர் எவ்வளவு தாமதம் என்று தெரியும். குழந்தைகளையும் பூனைகளையும் எடுக்கிறவர்களுக்கு மெகாபிக்சலைவிட இது முக்கியம்.

மெகாபிக்சல் என்றதும் ஒன்று. 50, 108, 200 என்று பின்னால் எழுதியிருந்தாலும் சாதாரணமாக எடுக்கும் படம் பெரும்பாலும் 12, 12.5 மெகாபிக்சல்தான் வரும். 50ஐ நாலு நாலாகவும், 108ஐ ஒன்பது ஒன்பதாகவும், 200ஐப் பதினாறு பதினாறாகவும் சேர்த்து ஒரு புள்ளியாக்கும் கணக்கு அது. ஏமாற்று இல்லை, குறைந்த வெளிச்சத்தில் அதனால் லாபம்தான். ஆனால் 200 என்பது 50ஐவிட நாலு மடங்கு நல்லது என்று நினைத்துக் காசைக் கொடுக்காதீர்கள்.

கொண்டுபோன பொடி எழுத்து அட்டையை இப்போது எடுங்கள். பக்கத்தில் கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள். சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) பெரிதாக ஆக ஆக மெயின் கேமராவால் மிகப் பக்கத்தில் ஃபோகஸ் செய்ய முடிவதில்லை, நடு எழுத்து தெளிவாகவும் ஓரம் கரைந்தும் விழும், அல்லது போன் உங்களைக் கேட்காமலே அகலக் கேமராவுக்கு, அதாவது காட்சியை அகலமாகப் பிடிக்கும் இன்னொரு கேமராவுக்கு, தாவும். பில், விசிட்டிங் கார்டு, பிள்ளைகளின் நோட்டுப் பக்கம் என்று தினமும் படமெடுக்கிற ஆள் என்றால் இது உங்களைத் தினமும் படுத்தும்.

அப்புறம் அதே காட்சியை ஜூமை 0.5, 1, 3 என்று மாற்றி மாற்றி எடுங்கள். நிறம் ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தால் அது பிறகு அப்டேட்டில் ஓரளவு சரியாகலாம். அகலக் கேமராவின் மூலைகள் குழைவாக இருந்தால் அது லென்ஸ், சரியாகாது. வீடியோவில் நாலு அடி நடந்து பாருங்கள், ஒயர் விடும் அளவுக்கு.

எடுத்ததையெல்லாம் அந்த போனின் திரையிலேயே பார்த்து மயங்காதீர்கள், அந்தத் திரை அதை அழகாக்கித்தான் காட்டும். ஊழியரிடம் கேட்டுவிட்டு இரண்டு மூன்று படங்களை உங்கள் போனுக்கு க்விக் ஷேரிலோ புளூடூத்திலோ அனுப்பிக்கொள்ள முடிந்தால் வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம். இதற்காக உங்கள் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அந்த போனில் லாகின் செய்யவே செய்யாதீர்கள். கைரேகை வேகம் பார்க்க உங்கள் ரேகையைப் பதிவதும் வேண்டாம், பதிந்தே ஆகவேண்டும் என்றால் கிளம்பும் முன் அழித்துவிடுங்கள். பல டெமோ போன்கள் குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும்தான், ஆனால் உங்கள் முன்னால் இருப்பது அப்படிப்பட்டதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஸ்பீக்கரைச் சத்தமான கடையில் சோதிப்பது கஷ்டம். போனைப் படுக்கைவாட்டில் வீடியோ பார்ப்பதுபோல் இரண்டு கையால் பிடித்து, உள்ளங்கை ஓட்டையை மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அதுவும் உடம்பு.

செட்டிங்ஸில் ஒரு நிமிடம்

'அபவுட் போன்' பக்கத்தைத் திறந்து மாடல் எண், ரேம், ஸ்டோரேஜ் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டெமோவுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் மேல் ரகம். நீங்கள் வாங்கப்போவது அதைவிடக் குறைந்த ரேம் உள்ளதாக இருந்தால் நீங்கள் பார்த்த வேகம் அதில் அப்படியே இருக்காது. '8+8' என்று எழுதியிருந்தால் பின்னால் இருக்கும் 8 ரேம் இல்லை, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, வேகத்தில் நிஜ ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. மாடல் எண் எதற்கென்றால், ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு மாடல் விற்பார்கள், சிப்பும் 5ஜி பேண்டுகளும் (சிக்னல் அலைவரிசைகள்) மாறும். வீட்டுக்கு வந்து அந்த எண்ணை வைத்துக் கம்பெனி தளத்தில் தேடினால் உங்கள் சிம்முக்குத் தேவையான பேண்டு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வேகத்தை அளக்கும் ஆப் எதையும் அதில் ஏற்றிப் பார்க்க வேண்டாம், நேரம் வீண். மென்பொருள் இன்னும் முழுசாகாத போனில் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை, கடைக்காரரும் விடமாட்டார்.

கடையில் தெரியாதவை

டெமோ போனைத் தொட்டதும் வெதுவெதுப்பாக இருந்தால் "சூடாகிற போன்" என்று முடிவு கட்டாதீர்கள். நாள் முழுக்க சார்ஜில், முழு பிரைட்னஸில், வீடியோ ஓடிக்கொண்டிருக்கும் எந்த போனும் சூடாகத்தான் இருக்கும். பேட்டரி சதவீதத்தைப் பார்ப்பதிலும் பயனில்லை.

சிக்னலும் அப்படித்தான், டெமோவில் சிம்மே இருக்காது. 2010இல் ஐபோன் 4 வந்தபோது, கீழே இடது மூலையில் ஆன்டெனா இடைவெளியை உள்ளங்கை மூடினால் சிக்னல் விழுந்தது. எவ்வளவு பேர் தடவிப் பார்த்திருந்தாலும் சிம் போட்டுப் பேசும்வரை தெரிந்திருக்காது. ஜூன் 24 அன்று விற்பனை தொடங்கி, மூன்று வாரம் கழித்து ஜூலை 16 அன்று ஆப்பிள் கூட்டம் போட்டு, வாங்கினவர்களுக்கு இலவசமாகக் கவர் தருவதாக அறிவித்தது. சாம்சங் நோட் 7 இன்னும் மோசம்: 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது, பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பரில் திரும்பப் பெற ஆரம்பித்து, அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அது மிக அழகான போன். இந்த மாதிரிக் குறைகள் வெளிவர விற்பனை தொடங்கி மூன்று நாலு வாரம் ஆகும், அதற்காகவே முதல் மாதம் வாங்காதவர்கள் இருக்கிறார்கள். நான் இப்போது அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன், ஆனால் ப்ரீ புக்கிங்கில் தருகிற சலுகை பெரிதாக இருந்தால் தடுமாறுவேன், பொய் சொல்லவில்லை.

ப்ரீ புக் செய்யச் சொல்வார்கள்

கண்டிப்பாகச் சொல்வார்கள், நீங்கள் போனை மேசையில் வைக்கும் நொடியில். உடனே கொடுத்துவிடாதீர்கள். முன்பணம் கொடுப்பதானால் இவற்றைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்: வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்ப வருமா, எத்தனை நாளில், பணமாகவா அல்லது அந்தக் கடையிலேயே செலவழிக்க வேண்டிய வரவாகவா, நீங்கள் சொன்ன நிறமும் ஸ்டோரேஜும்தான் தருவார்களா, விற்பனை தொடங்கும் நாளில் கைக்கு வருமா, பழைய போனுக்கு இன்று சொல்லும் விலை அன்றும் நிற்குமா. வாயால் சொன்னது எதுவும் அந்த நாளில் ஞாபகம் இருக்காது, அவர்களுக்கு. பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2020இல் ஐபோன் 12ஓடு ஆப்பிள் அதை நிறுத்தியது, 2021 தொடக்கத்தில் எஸ்21 வரிசையில் சாம்சங்கும் நிறுத்தியது. சார்ஜர் தனியாக வாங்க வேண்டுமென்றால் அந்தக் காசையும் போன் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

"பெயர், நம்பர் மட்டும் கொடுங்க சார், வந்ததும் சொல்றோம்" என்பார்கள். கொடுக்கலாம். அதற்கு ஓடிபி கேட்டால் அது எதற்கான ஓடிபி என்று மெசேஜைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், சிலசமயம் கடன் தகுதி பார்ப்பதற்கானதாக இருக்கும்.

சில மாதம் கழித்து இதே டெமோ பீஸ்களைக் குறைந்த விலைக்கு வெளியில் விற்பார்கள், "ஒரு கீறல் இல்லை, பெட்டி மட்டும் இல்லை" என்று. வாங்காதீர்கள். டெமோவுக்கென்றே தயாரித்தவற்றில் சில சிம்மையே ஏற்காது, வாரன்டி இருக்காது, திரையில் அந்த விளம்பர வீடியோவின் நிழல் படிந்துபோயிருக்கும்.

கிளம்பும்போது

நிற மோடு, எழுத்தளவு, கீபோர்டு மொழி, பிரைட்னஸ் எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிடுங்கள். எடுத்த படங்களை அழியுங்கள், கேலரியின் குப்பைத்தொட்டிக்குள்ளும் போய் அழியுங்கள், அங்கே அவை முப்பது நாள்வரைகூட கிடக்கும். ஒருமுறை ஒரு கடையில் ஏதோ டெமோ போனின் கேலரியைத் திறந்தால், போன வாரம் நான் எடுத்துவிட்டுப் போன பதினோரு செல்ஃபியும் அதில் அப்படியே இருந்தன, கூடவே யாரோ ஒரு குழந்தை அதற்குப் பிறகு வரிசையாக எடுத்த நாற்பது மூக்குகள்.